பதினோரு பைப், ஒட்டாத ஒரு கப்ளிங்

ஓர் அறையின் சுவருக்குள் மின்சார ஒயர் போகப் பதினோரு பைப் பதித்திருந்தேன். ஏழாம் நம்பர் பைப்பில் விட்டிருந்த நைலான் கயிற்றை இழுத்தேன். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இன்னும் பலமாக இழுத்தேன். பட்டென்று அறுந்து கையோடு வந்தது. நுனியில் அரை விரல் நீளத்துக்குச் சிமென்ட் காய்ந்து பிடித்திருந்தது.

பூச்சு முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. சுவரில் கையை வைத்தால் வழுக்கும், அப்படித் தேய்த்திருந்தார் கொத்தனார். மற்ற பத்து பைப்பிலும் கயிறு தங்குதடையில்லாமல் ஓடியது. இந்த ஒன்று மட்டும்தான். அதைச் சரிசெய்ய ஒரு முழு நாள் போனது. எங்கே தப்பு நடந்தது என்று பின்னோக்கிப் போனபோது, அந்தத் தப்புக்கு அரை நிமிடம்தான் ஆகியிருக்கும் என்று தெரிந்தது. முதலிலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் அது மட்டுமே என் தப்பு இல்லை.

அறை 4.2 மீட்டருக்கு 3.6 மீட்டர், உயரம் 3 மீட்டர். மூன்று பக்கம் 230 மி.மீ. செங்கல் சுவர், ஒரு பக்கம் 115 மி.மீ. தடுப்புச் சுவர். கூரையில் ஃபேனுக்கும் விளக்குக்கும் கான்கிரீட் போடும்போதே பைப் விட்டாயிற்று. சுவர் வேலை மட்டும் பாக்கி. குறிப்பது, காடி (பைப் உட்காரும் பள்ளம்) வெட்டுவது, பைப் பதிப்பது, சுவிட்சும் பிளக்கும் உட்காரும் பாக்ஸ் வைப்பது, பூச்சுக்குப் பிறகு ஒயர் இழுப்பது வரை நான். மெயினில் இணைப்பது, சோதனை செய்து கையெழுத்துப் போடுவது உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன். இப்படித்தான் ஒப்பந்தம்.

குறிக்கும் நாளே முதல் சறுக்கல். சுவிட்ச் போர்டு தரையிலிருந்து 1.2 மீட்டர், பிளக் 30 செ.மீ. என்று டேப்பை வைத்து மளமளவென்று கோடு போட்டுவிட்டேன். நான் அளந்தது கரடுமுரடான கீழ்த்தளத்திலிருந்து. அதன்மேல் சமன்செய்யும் கலவை, டைல்ஸ் எல்லாம் சேர்ந்து இன்னும் 60 மி.மீ. ஏறும். அப்படியே விட்டிருந்தால் 30 செ.மீ. பிளக் 24 செ.மீ.யில் போய் உட்கார்ந்திருக்கும். போதாததற்குக் கீழ்த்தளமே மூலைக்கு மூலை 15 மி.மீ. வித்தியாசம். எல்லாக் கோட்டையும் ஈரத்துணியால் அழித்துவிட்டு, தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்து, வேலை முடிந்த தரை எந்த மட்டத்தில் வருமோ அதிலிருந்து சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் நான்கு சுவரிலும் ஒரு நீலக் கோடு போட்டேன். அதன் பிறகு எல்லா உயரமும் அந்தக் கோட்டிலிருந்து மேலே இத்தனை, கீழே இத்தனை என்றுதான். தரையை அளப்பதையே விட்டுவிட்டேன்.

அடுத்து வழி. டிபி பாக்ஸ் (மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) இருக்கும் மூலையிலிருந்து எதிர்ச்சுவரின் பிளக்குக்குச் சாய்வாக ஒரே இழுப்பாகக் கொண்டுபோனால் ஒன்றரை மீட்டர் பைப் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். மேலிருந்து நேராக இறக்கினால் 2.7 மீட்டரும் 2.4 மீட்டரும் சேர்ந்து 5.1, சாய்வாகப் போனால் 3.6. ஆனால் பத்து வருடம் கழித்து அந்தச் சுவரில் படம் மாட்ட ஆணி அடிப்பவருக்கு, அங்கே குறுக்காக ஒரு பைப் போகிறது என்று எப்படித் தெரியும்? சுவிட்சைப் பார்த்தால் அதற்கு நேர் மேலேயோ நேர் கீழேயோ ஒயர் இருக்கும் என்று எல்லாரும் ஊகிப்பார்கள். சாய்வை யாரும் ஊகிக்க மாட்டார்கள். பிரிட்டனின் வயரிங் விதியான பிஎஸ் 7671 இந்த ஊகத்தையே விதியாக்கி வைத்திருக்கிறது: 50 மி.மீ.க்குக் குறைந்த ஆழத்தில் பதியும் கேபிள், கண்ணுக்குத் தெரியும் சுவிட்ச், பிளக்கிலிருந்து நேர் மேலும் கீழுமாகவோ நேர் பக்கவாட்டிலோ போக வேண்டும், அல்லது கூரையை ஒட்டிய, மூலையை ஒட்டிய 150 மி.மீ. பட்டைக்குள் இருக்க வேண்டும். நான் அதையே எடுத்துக்கொண்டேன். கிடைமட்ட ஓட்டம் எல்லாம் கூரையிலிருந்து 100 மி.மீ. கீழே, அங்கிருந்து தேவைப்படும் இடத்தில் தூக்குக்குண்டு பிடித்து நேராக இறக்கம்.

தடுப்புச் சுவரில் கிடைமட்டமாக எதுவுமே போகவில்லை. அதற்கும் ஒரு கணக்கு உண்டு. செங்குத்துக் காடி சுவர் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்கு, இதற்கு மேல் ஆழம் போகக்கூடாது. 230 மி.மீ. சுவரில் அது 76, 38 என்று வரும், கவலையில்லை. 115 மி.மீ. சுவரில் 38, 19. ஒரு 20 மி.மீ. பைப்கூட 19க்குள் அடங்காது. ஆகவே அந்தச் சுவரில் மேலிருந்து இறக்கம் மட்டும். அதேபோல் தடுப்புச் சுவரின் இரு பக்கமும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பாக்ஸ் வைக்கவில்லை. இரண்டு பாக்ஸின் ஆழமும் சேர்ந்தால் நடுவில் செங்கல்லே மிஞ்சாது. 25 செ.மீ. தள்ளி வைத்தேன்.

கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட சுவிட்சுகளை நிறையப் பார்த்தாயிற்று.

காடி வெட்டக் கையில் இருந்தது 110 மி.மீ. டைமண்ட் பிளேடு போட்ட கட்டிங் மெஷின். அது 30 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறங்காது. 20 மி.மீ. பைப்புக்கு 26 ஆழம், 25 மி.மீ. பைப்புக்கு 31 ஆழம் வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பைப்பின் முதுகு செங்கல் முகத்தைவிட ஐந்தாறு மி.மீ. உள்ளே இருந்தால்தான் அதன்மேல் கலவை நிற்கும். கரணையும் மட்டக்கோலும் பைப்பில் இடிக்காது. இரண்டு கோடு வெட்டி, நடுவில் உள்ளதை உளியால் எடுப்பது. முதல் காடியை 22 மி.மீ. அகலத்துக்கு வெட்டிவிட்டு, பைப் இறுக்கமாக உட்காருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இறுக்கமாக உட்கார்ந்த பைப்பின் பக்கவாட்டில் கலவை போக இடமே இல்லை. பைப்பும் செங்கல்லும் ஒட்டாமல் பூச்சு மட்டும் மேலே போர்வை மாதிரி நின்றால் பின்னாளில் அந்தக் கோட்டிலேயே விரிசல் வரும். மறுபடி வெட்டினேன். 20 மி.மீ. பைப்புக்கு 32 மி.மீ. அகலம். மூன்று பைப் சேர்ந்து போகிற இடத்தில் ஒன்றுக்கொன்று 10 மி.மீ. இடைவெளி, மொத்தம் 100 மி.மீ. அகலக் காடி.

தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. செங்கல்லையும் கலவையையும் உலர்வாக அறுத்தால் எழும் தூளில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. கைக்குட்டை கட்டுவது வேலைக்கு ஆகாது. என்95 முகக்கவசம், மூடிய கண்ணாடி, காதுக்கு அடைப்பு. சுவரை நனைத்துவிட்டு அறுத்தால் தூசி பாதியாகக் குறைகிறது, ஆனால் மெஷின் மின்சாரத்தில் ஓடுகிறது. அதனால் தண்ணீர் சொட்டச் சொட்ட நனைக்காமல், முந்தின இரவே தெளித்து ஊறவிட்டேன். மெஷினை மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடி வழியாகத்தான் ஓட்டினேன்.

ஜன்னலுக்கு மேலே ஒரு தவறு. கோடு போகிற போக்கில் லிண்டல் (ஜன்னல் தலைக்கு மேலுள்ள கான்கிரீட் உத்தரம்) இருப்பதை மறந்து பிளேடை இறக்கிவிட்டேன். சத்தம் மாறியது, தீப்பொறி பறந்தது. கம்பி. நல்ல வேளை, உரசியதோடு சரி, அறுபடவில்லை. அந்த இடத்தைச் சுத்தம் செய்து கெட்டிக் கலவையால் மூடிவிட்டு, பாதையை லிண்டலுக்கு மேலே 12 செ.மீ. ஏற்றிக்கொண்டேன். கான்கிரீட்டில் காடி வெட்டுவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பென்சில் கோட்டை நம்பிப் போனேன். இப்போதெல்லாம் லிண்டல், பில்லர், பீம் எல்லாவற்றையும் முதலில் சிவப்புச் சாக்கால் கட்டம் கட்டிவிட்டுத்தான் நீலக் கோடு.

மொத்தம் 26 மீட்டர் காடி. அறுக்க ஒன்றரை நாள், உளி வேலை ஒரு நாள், இரண்டு பிளேடு காலி.

பாக்ஸ் வைப்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், நானும் தடுமாறினேன். பாக்ஸின் வாய் செங்கல்லோடு மட்டமாக இருக்கக்கூடாது. வரப்போகும் பூச்சின் முகத்தோடு மட்டமாக இருக்க வேண்டும். உள்பூச்சு 12 மி.மீ. என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. நான் 12 மி.மீ. கனத்தில் ஒரு மரச்சில்லை வெட்டி வைத்துக்கொண்டு, எல்லாப் பாக்ஸையும் அந்தச் சில் அளவுக்கு வெளியே தூக்கி, ஒரு பங்கு சிமென்டுக்கு மூன்று பங்கு மணல் கலவையில் பதித்துவிட்டேன். அழகாக இருந்தது. மறுநாள் கொத்தனார் வந்து தூக்குக்குண்டு விட்டு, பூச்சின் கனத்துக்குச் சுவரில் புள்ளி வைத்தார். வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இந்த ரெண்டு பாக்ஸும் உள்ள போயிரும் போலருக்கே.”

“பன்னெண்டு மில்லி வெளியே வச்சிருக்கேண்ணே.”

“நீங்க வச்சீங்க, சுவரு வைக்கலியே. கீழ வர வர எட்டு மில்லி சாஞ்சிருக்கு பாருங்க. இங்க இருபது பூசுனாத்தான் மட்டம் வரும்.”

சுவர் தூக்குக்கு நிற்கவில்லை. மேலே 12, கீழே 20. தரையை ஒட்டிய இரண்டு பிளக் பாக்ஸும் 8 மி.மீ. புதையும். ஒன்றைப் பெயர்த்துத் திரும்பப் பதித்தேன். இன்னொன்று நன்றாக இறுகிவிட்டது, பெயர்த்தால் பக்கத்துச் செங்கல்லும் வந்துவிடும் போலிருந்தது. அதை விட்டுவிட்டுக் கடைசியில் நீள ஸ்க்ரூ போட்டுத் தட்டை மாட்டினேன். வேலை செய்கிறது. ஆனால் மூடியைக் கழற்றும்போதெல்லாம் அந்த 8 மி.மீ. பள்ளம் என்னைப் பார்க்கிறது. முதலில் கொத்தனார் புள்ளி வைக்கட்டும், பிறகு இரண்டு புள்ளிக்கு நடுவே மட்டக்கோலைச் சாய்த்து, அதைத் தொடும்படி பாக்ஸைப் பதிக்க வேண்டும். வரிசை மாறினால் எந்த அளவும் உதவாது.

அவசரத்துக்குப் பாக்ஸைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்துப் பிடிக்க வைப்பவர்கள் உண்டு. ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். அது ஈரத்தை வாங்கும், இரும்போடு ஒத்துப்போகாது. மெட்டல் பாக்ஸுக்கு நான் அதைத் தொடவில்லை.

பைப் விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் பிவிசி, 20 மி.மீ.; டிபியிலிருந்து போர்டுக்கு வரும் மெயின் ஓட்டமும் ஏசி ஓட்டமும் மட்டும் 25. எந்தப் பைப்பில் எத்தனை ஒயர் என்பதை முன்பே எழுதி வைத்தேன். பைப்பின் உள்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஒயர் அடைக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. என் 20 மி.மீ. பைப்பின் உள்விட்டத்தை வெர்னியரில் அளந்தேன், 16 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் பரப்பு சுமார் 200 சதுர மி.மீ., அதில் 40 சதவீதம் 80. 2.5 சதுர மி.மீ. ஒயரின் வெளிவிட்டம் மேலுறையான காப்போடு சேர்த்து 3.7 மி.மீ., அதாவது ஒன்று சுமார் 11 சதுர மி.மீ. இடம் பிடிக்கும். தாளில் ஏழு போகும். இரண்டு வளைவு இருக்கும் பைப்பில் ஏழை இழுத்துப் பார்த்தால்தான் தாளுக்கும் சுவருக்கும் உள்ள தூரம் தெரியும். நான் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். நெட்வொர்க் கேபிளுக்குத் தனிப் பைப், மின்சார ஒயரோடு கலக்கவில்லை. பதினோராவது பைப் வெறுமனே, பின்னாள் தேவைக்கு.

வளைவுக்கு எல்போ வாங்கவில்லை. எல்போவில் ஒயர் மூலையில் முட்டி நிற்கும், இழுக்கும்போது காப்பு சீவிக்கொள்ளும். உள்ளே ஸ்பிரிங் விட்டு முழங்காலில் வைத்துக் கையாலேயே வளைத்தேன். உள் ஆரம் பைப் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையக்கூடாது என்பார்கள், 20 மி.மீ. பைப்புக்கு 50. நான் 100க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன், இழுப்பு அவ்வளவு சுலபமாகிறது. ஒரே மூச்சில் வளைக்காமல் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாக வளைத்து விட்டால் அது தானே திரும்பி நிற்கும். குளிர்ந்த காலை நேரத்தில் ஒரு பைப் வெண்கோடு விழுந்து வாய் பிளந்தது. அதன்பின் வெயிலில் கொஞ்சநேரம் போட்டு வைத்து வளைத்தேன். இரண்டு பாக்ஸுக்கு நடுவே இரண்டு வளைவுக்கு மேல் எந்தப் பைப்பிலும் இல்லை.

வெட்டிய ஒவ்வொரு வாயையும் உள்ளும் புறமும் அரம் போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத ஒரு பிசிர் போதும், ஒயரின் காப்பை நீளத்துக்கும் கிழித்துவிடும். பைப் ஒட்டும் பசையான சொல்யூஷனைப் பைப்பின் வெளிப்பக்கம் மட்டும் மெல்லத் தடவி, இரண்டு பைப்பை இணைக்கும் கப்ளிங்கில் சொருகி, கால் சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அதிகம் தடவினால் உள்ளே தள்ளப்பட்டு வரப்பு மாதிரி காய்ந்து நிற்கும்.

காடியில் பைப் நிற்க முதலில் இரண்டு ஆணியைச் சாய்வாக அடித்துப் பிடித்தேன். ஓரிடத்தில் சுத்தியல் நழுவி பைப் நசுங்கியது, அதை வெட்டி மாற்றினேன். பிறகு 60 செ.மீ.க்கு ஒரு கிளாம்பு. ஆணியெல்லாம் துத்தநாகம் பூசியது. வெறும் இரும்பாணி பூச்சுக்குள் துருப்பிடித்து, பெயின்டுக்கு மேலே பழுப்புப் புள்ளியாக எட்டிப்பார்க்கும்.

ஏழாம் நம்பர் பைப் போட்டது மாலையில். சுவிட்ச் போர்டிலிருந்து 1.65 மீட்டர் ஏற்றம், கூரையடியில் 2.8 மீட்டர் பக்கவாட்டு, சுவர் விளக்குக்கு 0.75 மீட்டர் இறக்கம். மொத்தம் 5.2. சொல்யூஷன் டப்பாவில் அடி வந்துவிட்டது. கப்ளிங்கைச் சும்மா சொருகிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. நாளை புது டப்பா வந்ததும் ஒட்டிவிடலாம். மறுநாள் புது டப்பா வந்தது. நான் எட்டாம் பைப்பிலிருந்து ஆரம்பித்தேன்.

காடி மூடுவதற்கு முன் எல்லாப் பைப்பையும் சோதிக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சோதித்தேன். கயிற்றில் பஞ்சு உருண்டை கட்டி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்தேன். பதினொன்றிலும் தடையில்லாமல் போனது. ஒட்டாத கப்ளிங்கிலும் போகத்தானே செய்யும்! அடைப்பு இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, மூட்டு பிடித்திருக்கிறதா என்று பார்க்கவில்லை. அது தனிச் சோதனை.

கயிற்றை எல்லாப் பைப்பிலும் விட்டுவைத்தேன், இரு முனையிலும் அரை மீட்டர் தொங்கும்படி. பாக்ஸுக்குள் முதலில் செய்தித்தாள் திணித்தேன். காடி நனைக்கத் தண்ணீர் தெளித்ததும் அது கூழாகிவிட்டது. எடுத்துப்போட்டுவிட்டு, தெர்மாகோலைப் பாக்ஸ் அளவுக்கு அரை மி.மீ. பெரிதாக வெட்டி அழுத்தி, மேலே டேப் ஒட்டினேன். கயிற்றின் முனை டேப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே தொங்கியது. பூச்சில் பாக்ஸ் மூடிப்போனால்கூட இந்தக் கயிறு காட்டிக்கொடுக்கும். காட்டியும் கொடுத்தது, ஒரு பாக்ஸ் முழுக்கப் புதைந்து, சுவரிலிருந்து வால் மாதிரி ஒரு கயிறு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

படம் எடுத்தேன். ஒவ்வொரு சுவருக்கும் நேர் எதிரே நின்று ஒன்று, பிறகு ஒவ்வொரு பைப்புக்கும் டேப்பை விரித்துப் பிடித்து ஒன்று. மூலையிலிருந்து எத்தனை, நீலக் கோட்டிலிருந்து எத்தனை என்று படத்திலேயே தெரியும்படி. அறுபது படத்துக்கு மேல் வந்தது. அதிகப்பிரசங்கித்தனம் என்று அப்போது தோன்றியது.

காடி மூடுவதைக் கொத்தனாரிடம் விடாமல் நானே செய்தேன். சல்லடையில் சலித்த மணல், ஒன்றுக்கு மூன்று. காடியை நன்றாக நனைத்து, இரண்டு தடவையாக நிரப்பி, செங்கல் முகத்துக்கு மூன்று மி.மீ. கீழேயே நிறுத்தினேன். சோதனைக்காக ஒரு துண்டுக் காடியை நனைக்காமல் ஒரே தடவையில் நிரப்பிப் பார்த்தேன். மறுநாளே இரு ஓரத்திலும் மயிரிழை விரிசல். மூன்று பைப் போகும் அகலக் காடியில் இடுக்குக்குள் இறங்க வேண்டுமே என்று கலவையைக் கொஞ்சம் தளர்த்தி விட்டேன். ஏழாம் நம்பர் அந்தக் காடியில்தான் இருந்தது. கரணையால் குத்திக் குத்தி இறக்கினேன். அந்தக் குத்தலில்தான் ஒட்டாத கப்ளிங் நழுவியிருக்க வேண்டும்; கலவைப் பால் உள்ளே போயிருக்க வேண்டும்.

நிரப்பியது இறுகியதும் காடிக்கு மேலே கோழிவலை, இரு பக்கமும் 100 மி.மீ. செங்கல்லைப் பிடிக்கும்படி. பிறகு பூச்சு. அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, கொத்தனார் கை சுத்தம். ஏழு நாள் தண்ணீர் காட்டினோம். சுவர் கொஞ்சம் உலரட்டும் என்று மேலும் ஐந்து நாள் விட்டேன்.

மறுபடி ஏழாம் நம்பருக்கு வருவோம். அறுந்த கயிற்றின் மறுபாதியை விளக்குப் பக்கத்திலிருந்து இழுத்து எடுத்துவிட்டு, ஒயர் இழுக்கும் கம்பியைப் போர்டு பக்கத்திலிருந்து தள்ளினேன். முட்டிய இடத்தில் கம்பியில் டேப் சுற்றி அடையாளம் வைத்து வெளியே எடுத்து அளந்தேன். 2.98 மீட்டர். விளக்குப் பக்கத்திலிருந்து 2.17. இரண்டையும் கூட்டினால் 5.15. பைப் 5.2. ஆக, ஐந்து செ.மீ. நீளத்துக்கு ஓர் அடைப்பு. 2.98 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது: ஒரு பைப்பின் நீளம் மூன்று மீட்டர். அடைப்பு உட்கார்ந்திருப்பது கப்ளிங்கில். அந்த மாலையும் காலி டப்பாவும் நினைவுக்கு வந்தன.

படத்தைத் திறந்தேன். கப்ளிங், இறக்கக் கோட்டிலிருந்து பக்கவாட்டில் 1.34 மீட்டர், கூரையிலிருந்து 10 செ.மீ. கணக்கு சொன்னது 1.35. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மற்ற மூட்டுகளின் ஓரத்தில் சொல்யூஷன் பளபளக்கிறது, இதில் இல்லை. ஆதாரம் என் கையிலேயே இரண்டு வாரமாக இருந்திருக்கிறது.

முதலில் சுலப வைத்தியம் பார்த்தேன். முனை கூரான கம்பியை விட்டுக் குத்தி உடைக்கலாம் என்று ஒரு மணி நேரம். வளைவு தாண்டி மூன்று மீட்டருக்கு அந்தப் பக்கம் கையின் பலம் போய்ச் சேரவில்லை. இன்னும் விட்டிருந்தால் வளைவில் பைப்பையே ஓட்டை போட்டிருப்பேன். நிறுத்திவிட்டேன்.

சுவரைத் திறந்தேன். மெஷின் இல்லை, சின்ன உளி மட்டும்; பக்கத்தில் இரண்டு நல்ல பைப் இருக்கின்றன. 12 செ.மீ. ஜன்னல் போதும் என்று ஆரம்பித்தது 22 செ.மீ.யில் முடிந்தது. வலையைக் கட்டிங் பிளேயரால் நறுக்கி மடித்துவிட்டேன். கப்ளிங் நான்கு மி.மீ. விலகி, இடைவெளியில் சிமென்ட் பல் மாதிரி நின்றது.

அடைத்த பகுதியை 11 செ.மீ. நீளத்துக்கு அறுத்து எடுத்தேன். இப்போது சிக்கல்: இரு பக்கமும் பைப் சுவரில் இறுகிக் கிடக்கிறது, அசையாது. சாதாரணக் கப்ளிங்கின் நடுவில் உள்பக்கமாக ஒரு வரம்பு இருக்கும், பைப் அதில் முட்டி நின்றுவிடும். வட்ட அரத்தால் அந்த வரம்பை இரண்டு கப்ளிங்கிலும் முழுக்க ராவி எடுத்தேன். 11 செ.மீ. துண்டின் மேல் இரண்டு கப்ளிங்கையும் முழுசாக ஏற்றி, துண்டை இடைவெளியில் வைத்து, சொல்யூஷன் தடவி, ஒவ்வொரு கப்ளிங்கையும் பாதி வெளியே தள்ளினேன். சொல்யூஷன் சில நொடியில் பிடித்துக்கொள்ளும். அதனால் எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்பே பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன். ஒன்று சரியாக நின்றது. இரண்டாவது மூன்று மி.மீ. முன்னாலேயே பிடித்துக்கொண்டது. பரவாயில்லை, மூடியிருக்கிறது.

கம்பியை விட்டேன். போனது. பஞ்சு உருண்டையை இழுத்தேன், தூளைக் கூட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது இழுப்பில் பஞ்சு சுத்தமாக வந்தது. சுவரை மூடினேன். வலை மேல் வலை ஒரு துண்டு, கெட்டிக் கலவை, பிறகு பூச்சு. பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் இன்னும் ஒரு மங்கலான சதுரம் தெரியும்.

ஒயர் இழுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் தள்ள ஒருவர் இழுக்க. சிக்கினால் எண்ணெய் தடவக் கூடாது, காப்பைக் கெடுக்கும். டால்கம் பவுடர் போதும். எலக்ட்ரீஷியன், ஒயரின் காப்பைச் சோதிக்கும் 500 வோல்ட் மெக்கரோடு வந்தார். ஒவ்வொரு மின்சுற்றிலும் ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று ஒன்றுக்கொன்று வைத்துப் பார்த்தார். ஒரு மெகாஓமுக்குக் கீழே வரக்கூடாது. என்னுடையவை எல்லாம் மீட்டரின் 200 மெகாஓம் எல்லையைத் தாண்டிவிட்டன. ஏழாம் நம்பரையும் சேர்த்துத்தான். நான் இரண்டு முறை கேட்டேன்.

பைப் 14 போதும் என்று கணக்குப் போட்டேன், 17 ஆனது. நசுங்கியது, வாய் பிளந்தது, தப்பாக வெட்டியது எல்லாம் சேர்ந்து. மொத்தச் செலவில் பாதிக்கு மேல் ஒயர். பைப், கப்ளிங், கிளாம்பு எல்லாம் சேர்ந்தாலும் அதில் சின்னப் பங்குதான். அதில் போய் மிச்சம் பிடிக்கச் சாய்வுக் கணக்கெல்லாம் போட்டிருக்கிறேன்.

அடுத்த அறைக்கு மாற்றப்போவது: புள்ளி வைத்த பிறகே பாக்ஸ். மூன்று பைப் அகலக் காடியில் கலவையைத் தளர்த்தாமல், பைப்பைத் தூக்கிப் பிடித்து அடியில் முதலில் கொஞ்சம் கலவை வைத்து அதில் பதிப்பது. கப்ளிங்கைச் சொருகும் முன் பைப்பில் உள்ளே போக வேண்டிய ஆழத்துக்கு ஒரு கோடு. ஒட்டி முடித்த மூட்டின் மேல் கறுப்பு மார்க்கரால் ஒரு பெருக்கல் குறி. குறி இல்லாத மூட்டு ஒட்டாத மூட்டு. காடி மூடும் முன் ஒவ்வொரு மூட்டையும் இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு. சொல்யூஷன் டப்பா இரண்டு.

அந்தப் படங்களில் சுவருக்கு ஒன்றாக நான்கை அச்செடுத்து, பைப் நம்பர் எழுதி, டிபி பாக்ஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். பதினோராம் நம்பர் பைப் இன்னும் காலிதான். உள்ளே கயிறு இருக்கிறது, இரு முனையிலும் வெற்றுத் தட்டு மாட்டியிருக்கிறேன். போன வாரம் ஒரு தடவை தட்டைக் கழற்றிக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். ஓடியது.